உள்ளங்கையில் தேய்த்த எண்ணெய்

அக்கா,

என் சின்னவன் தலையில் பொருக்குத் தட்டியிருக்கிறது என்று இன்று கம்பவுண்டர் ஒரு சின்னப் புட்டியில் ஆலிவ் எண்ணெய் கொடுத்தார். சீமையில் அந்தப் பழத்தை நசுக்கியதும் வடிவது முதல் தரமாம், சக்கையிலிருந்து எடுப்பது கடைசித் தரமாம். எது எது என்று புட்டியிலேயே அச்சடித்து ஒட்டிவிடுவார்களாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீமைக்காரன் சீட்டில் போடுவதை உன் வீட்டுக்காரர் வாயால் சொல்லியிருக்கக் கூடாதா? நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

மார்க்கையன்கோட்டையில் உங்கள் செக்குக்கு இருந்த பேரே உன்னால் வந்தது. எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டி, வெயிலில் வைத்துக் கசடு இறங்கியபின் மேலே தெளிந்து நிற்பது சாப்பாட்டுக்கு. பிண்ணாக்கில் வெந்நீர் தெளித்து மறுபடி ஆட்டினால் வருவது விளக்குக்கு. நீ ஒரு சொட்டை உள்ளங்கையில் சூடேறத் தேய்த்து மோந்து பார்ப்பாய். "சூடு பட்டாத்தான் கெட்ட எண்ணெயோட சிக்கு வாடை வெளிய வரும்" என்பாய். வாங்க வருகிறவர்கள் உன் வீட்டுக்காரரைக் கேட்கமாட்டார்கள். "அந்தம்மா மோந்து பாத்தாகளா" என்றுதான் கேட்பார்கள்.

யுத்தத்தில் எள் கிடைக்காமல் போன வருஷம் உன் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கானதில் விளக்குக்கானதைக் கலந்தார். பிள்ளை பெற்ற மகளுக்குப் பச்சையாகக் குடிக்கக் கொடுக்க நல்லெண்ணெய் வேண்டும் என்று மேலத்தெருக்காரி வந்து வாசலில் நின்றாள். நீ நான் இருந்த உள்ளறைக்கு வந்து, தேய்த்து மோந்துவிட்டு, கையை என் மூக்கருகே நீட்டினாய். எனக்குக் குமட்டியது. வெளியே அவர் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நீ போய், "நல்லாத்தான் இருக்கு ஆத்தா, கொண்டு போ" என்றாய்.

அவள் மகள் மூன்று நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தாள். பால் வற்றி, பிள்ளைக்கு ஆட்டுப்பால் புகட்டினார்கள். கேட்க வந்தவர்களிடம் உன் வீட்டுக்காரர் கொஞ்சமும் கூசாமல், "அவதான் மோந்து குடுத்தா" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். ஏன் அக்கா? நீ சாகும்வரை உன் பேச்சை ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. அவர் இன்றைக்கும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஊருக்கு நியாயம் சொல்கிறார். அவரைக் கண்டாலே வயிறு எரிகிறது. உன்மேல் அதைவிடக் கோபம்.

போன சந்தையில் மேலத்தெருக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளறையில் நின்றது அவளுக்குத் தெரியாது.

"ஒங்கக்கா மாதிரி இல்ல நீ. அன்னைக்கு அங்கன நீ இருந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்ப" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன், அக்கா.