கதவில் ஒட்டிய இரங்கல் தாள்

கிழவரே,

என் அக்கா வெர்காவை அடக்கம் செய்யக் கிளம்பிவிட்டேன். நம் கதவில் அக்கா படத்தோடு ஒட்டிய இரங்கல் தாளில் அடக்கம் செய்யும் நேரமும் இருக்கிறது. திருடனுக்கும் படிக்கத் தெரியும். எதிர்வீட்டார் அடக்கத்துக்குப் போன நேரம் பார்த்து அப்படித்தான் பூட்டை உடைத்தார்கள்.

நேற்றிரவு இதைச் சொன்னதும், "வரட்டும், சுத்தியலால மண்டையப் பொளக்கிறேன்" என்றீர்கள். "எழுந்து நிக்கவே ஊன்றுகோல் வேணும், இவரு பொளக்கப் போறாராம்!" என்றேன். அந்தக் கோபத்தில் சாப்பிடாமலே தூங்கிவிட்டீர்கள்.

எழுந்ததும் ரேடியோவைச் சத்தமாக வையுங்கள். உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும். "துக்க வீட்டுல பாட்டா?" என்று பக்கத்து வீட்டுப் பென்கா கேட்டால், "செத்தவளுக்குப் பாட்டுன்னா உசுரு" என்று சொல்லுங்கள். கதவு உடைகிற சத்தம் கேட்டால் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு 112-க்கு அழையுங்கள். போலீஸ் வரும்வரை வெளியே வரக்கூடாது. டிவியைத் தூக்கிக்கொண்டு போனால் போகட்டும். இதே கதவில் உங்கள் படம் போட்ட தாளை ஒட்ட என்னால் முடியாது.

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. சூடாக்கிக் குடியுங்கள்.

ஸ்தோயான்கா

சொல்ல மறந்துவிட்டேன்: சுத்தியலைத் தேடாதீர்கள். அது என் கைப்பையில், மெழுகுவர்த்திகளோடு கல்லறைக்கு வருகிறது.