பழைய கப்பலுக்கு உன் மகள் போயிருக்கிறாள்

என் பொன்னு அண்ணா,

ஒரு வாரமாக மலையில் மழை விடவில்லை. ஆலத்தூர் நாட்டுப் பக்கம் மண் சரிந்துவிட்டது. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மேலே வரும் பஸ்ஸும் நின்றுபோயிற்று. மிளகுக்கொடி படர்ந்த மரம் ஒன்று தோட்டத்தில் சாய்ந்து கிடக்கிறது, யாரும் போய்ப் பார்க்கவில்லை. எனக்கும் மனசு ஓடவில்லை. உன் மகள் நிவேதா கடலில் இருக்கிறாள்.

எந்தக் கப்பல் என்று கேட்கிறாயா? உன் கப்பலைக் கட்டிய அதே இடத்தில், அதே வரைபடத்தை வைத்து, அதற்கு அடுத்ததாகக் கட்டிய கப்பல். உன்னுடையதை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இது மட்டும் மிச்சம்.

நீ கடற்படையில் சேர்ந்தபோது நீ பீரங்கி சுடுகிறாய் என்றுதான் ஊரே நினைத்தது. லீவில் வந்தால் உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு சண்டைக் கதை கேட்பார்கள். நீ சிரிப்பாய். "நாங்க தண்ணி லாரிக்காரங்க மாதிரிங்க. சண்டைக் கப்பலுக்கு நடுக்கடல்ல எண்ணெயும் தண்ணியும் அரிசியும் குடுக்கறதுதான் எங்க பொழப்பு" என்பாய். எல்லாரும் சண்டைக் கப்பலைத்தான் போட்டோ எடுக்கிறார்கள், உங்கள் கப்பலை யாரும் எடுப்பதில்லை என்று உனக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

எனக்கு விளங்கும்படி ஒருமுறை சொன்னாய். "நம்ம மலை ரோட்டுல ரெண்டு லாரி பக்கத்துல பக்கத்துல ஓடுதுன்னு வெச்சுக்க, செல்வி. ரெண்டும் நிக்கக் கூடாது. ஓடிக்கிட்டே ஒண்ணு இன்னொண்ணுக்கு டீசல் ஊத்தோணும். அப்படித்தான்." இரண்டு கப்பலுக்கும் நடுவே இரும்பு வடம் ஒன்றைக் கட்டி, அதில் எண்ணெய்க் குழாயைத் தொங்கவிடுவார்களாம். அலையில் கப்பல்கள் விலகினால் வடத்தைத் தளர்த்த வேண்டும், நெருங்கினால் இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு எந்திரம். வின்ச் என்பாய். அது ஒரு நொடி தன் வேலையை மறந்தால்?

மறந்தது. வின்ச் இறுகிக்கொண்டு நின்றது, வடம் அறுந்து கப்பலின் மேல்தளத்தைச் சாட்டை மாதிரி வீசிக்கொண்டு போனது. உன்னோடு வேலை பார்த்த தூத்துக்குடி சேவியர் அண்ணன்தான் உன்னைக் கிடத்திய பெட்டியோடு மலை ஏறி வந்தார். "எல்லாரும் படுங்கன்னு கத்துனாம்மா. நாங்க படுத்துட்டோம். அவன் படுக்கல" என்றார். நிவேதா பள்ளிக்கூடச் சட்டையோடு என் மடியில் இருந்தாள். பெட்டியை ஏன் திறக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் கப்பல் படிப்புதான் படிப்பேன் என்று நின்றபோது அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்போது கப்பல்களைச் சோதித்து அறிக்கை தரும் ஒரு தனியார் நிறுவனத்தில் இருக்கிறாள். உன்னைப்போலவே நடக்கிறாள் அண்ணா, தரை ஆடும் என்று எதிர்பார்ப்பவள் மாதிரி காலை அகட்டி வைத்து.

போன மாதம் வீட்டுக்கு வந்தாள். அண்ணி சந்தைக்குப் போயிருந்தாள். நானும் நிவேதாவும் மரவள்ளிக்கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தோம். அவளாகவே பேச்சை எடுத்தாள். போர்க்கப்பல்களுக்குத் துணையாகப் போக ஒரு கப்பல் வேண்டுமாம். எது சரிப்படும் என்று பார்க்கும் வேலை அவளுடைய நிறுவனத்துக்கு வந்திருக்கிறது.

"மூணு வழி இருக்குதுங்க அத்தை. புதுசாக் கட்டலாம், வருசக்கணக்காகும். வியாபாரத்துக்கு ஓடற எண்ணெய்க் கப்பல் ஒண்ணை வாங்கி மாத்தலாம். அதுலயும் இந்த வடம், குழாய் எல்லாம் புதுசா வெக்கோணும். இல்லாட்டிப் பழசை ரிப்பேர் பண்ணி இன்னும் கொஞ்ச வருசம் ஓட்டலாம். எல்லாருக்கும் பழசுதான் புடிச்சிருக்கு."

"ஏன் கண்ணு?"

"அது கண்ணு முன்னால நிக்குதுல்லங்க. அதான்."

அவள் அந்தக் கப்பலுக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறாள். அடித்தகடு சில இடங்களில் மெலிந்து போயிருந்ததாம். அதைக்கூட மாற்றிவிடலாம் என்றாள். வின்ச்சைப் பற்றிச் சொல்ல வந்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அதுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடிச்சிருக்காங்கங்க அத்தை. வெளிய பளபளன்னு இருக்கு, உள்ள தேஞ்சு கெடக்கு. அதைப் பாத்துத்தான் எனக்குப் பயம் வந்துச்சு."

வின்ச்சை மாற்றாமல் நடுக்கடலில் எண்ணெய் கொடுக்கக் கூடாது என்று இவள் எழுதினாள். மேலே இருப்பவர் அதைத் திருத்தி, 'தொடர்ந்து கவனித்து வரலாம்' என்று போட்டார். அதன் கீழே தன் பெயரைப் போட மாட்டேன் என்றாள் இவள். வேறொருவர் போட்டுவிட்டார். கதை அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். கடலில் ஒரு சோதனைப் பயணம் இருக்கிறதாம், நிறுவனத்திலிருந்து ஒருவர் கப்பலில் போக வேண்டுமாம். இவள் கையைத் தூக்கியிருக்கிறாள்.

"எதுக்குச் சாமி? பேரே போடல. அப்புறம் உனக்கென்ன அங்க வேல?" என்றேன்.

"வடத்துக்குப் பக்கத்துல நிக்கறவங்களுக்கு நான் என்ன எழுதுனேன்னு தெரியாதுங்க அத்தை. அவங்ககிட்ட யாராவது நேர்ல சொல்லோணும்ல?"

நீ இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்? அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் அண்ணி வந்ததும், கரையில் நிற்கிற கப்பலில்தான் வேலை என்று சிரித்த முகமாகச் சொன்னாள்.

அவள் கிளம்பியபின் சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். ரிட்டயராகி ஊரோடு இருக்கிறார். நிவேதா போகும் கப்பலின் பெயரையும் அந்த வின்ச்சையும் சொன்னதும், எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினார்.

"இத யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு வடம் அறும் முன்ன வின்ச் ஒரு சத்தம் போட்டுச்சு. மாடு அடித்தொண்டையில கத்தும்லா, அப்படி. உங்க அண்ணனுக்கு மட்டுந்தான் அது என்னன்னு புரிஞ்சுது. பிள்ளைட்ட சொல்லிரும்மா. அந்தச் சத்தம் கேட்டா ஓடக் கூடாது. நின்ன எடத்துலயே படுத்துரணும்."

நிவேதாவிடம் சொன்னேன். "எல்லார்கிட்டயும் சொல்லிடறேனுங்க அத்தை" என்றாள்.

சோதனை நடந்த நாளில் இங்கே மழை ஊற்றியது. போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அண்ணி எதிரில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள், நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். என்னடி அடிக்கடி பார்க்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டாள். நான் வெளியே ஓடிப்போய்த் தாழ்வாரத்தில் நின்று கேட்டேன்.

"அந்தச் சத்தம் வந்துச்சுங்க அத்தை."

எண்ணெய் பாதி போய்க்கொண்டிருந்தபோது வந்ததாம். இவள் முந்தின நாளே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லி வைத்திருந்ததால் மேல்தளத்தில் இருந்த அத்தனை பேரும் அப்படியே விழுந்து படுத்திருக்கிறார்கள். வின்ச்சுக்குப் பொறுப்பான மூத்த மாலுமி படுத்தபடியே கத்தி, குழாயைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறார். கப்பல்கள் விலகுவதற்குள் வடம் அறுந்தது. ஆனால் ஆட்களின் தலைக்கு மேலே போய்க் கடலில் விழுந்தது. கீழே விழுந்ததில் ஒரு மாலுமிக்குத் தாடை கிழிந்தது, வேறு ஒன்றுமில்லை.

"நீ படுத்தியா கண்ணு?"

"படுத்தேனுங்க."

பிறகு, "இனி அந்தக் கப்பலை ஓரங்கட்டிடுவாங்கல்ல?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள் அண்ணா. அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்கக் கூடாது. "எண்ணெய் பாதி போயிருச்சு, ஒருத்தரும் சாகல. அதனால சோதனையில பெரிய குறையில்லைன்னு எழுதியாச்சுங்க அத்தை. புது வடம் போடறாங்க. வின்ச்சைப் பிரிச்சு, தொடைச்சு, மறுபடியும் அதையேதான் மாட்டறாங்க. புதுசு வர நாளாகுமாம். அதுக்குள்ள கப்பல் கெளம்புது."

"நீ எறங்கி வந்துரு சாமி."

"கப்பல்ல இருக்கறவங்க என்னைக் கூப்புடறாங்கங்க. அவங்க நிறுத்தச் சொன்னா மேல கேக்க மாட்டாங்களாம். வெளிய இருந்து சோதிக்க வந்த நான் சொன்னா விதிப்படி நிறுத்தியே ஆகோணும். அதனால நானும் போறேன்."

அண்ணியிடம் இனி மறைக்கக் கூடாது என்று உள்ளே போனேன். முறத்தைக் கீழே வைக்காமலே, "பாப்பா கடல்லதான இருக்கா?" என்றாள்.

"எப்படித் தெரியுமுங்க அண்ணி?"

"கரையிலதான் வேலைன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாளே. கடைசியாக் கெளம்பறப்ப உங்கண்ணனும் அதையேதான் சொன்னாரு." பிறகு, "நீ சேவியருகிட்ட போன்ல பேசுனதும் காதுல உழுந்துச்சு. அந்த எந்திரத்த மாத்திட்டாங்களாமா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க அண்ணி."

அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள். முறத்தில் தானியமே இல்லை.

கப்பல் நேற்றுக் காலை புறப்பட்டுவிட்டது. கரை மறையும்வரை பேசினாள். அப்புறம் போன் எட்டவில்லை. இனி அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. எப்போது எண்ணெய் கொடுப்பார்கள், அலை எப்படி இருக்கும், யார் எங்கே நிற்பார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா அண்ணா? நீ இருக்கும் இடத்திலிருந்து கடல் தெரிகிறதா?

உனக்கு மட்டும் எழுதியிருந்தால் இதைச் சாமி அறையிலேயே வைத்திருப்பேன். ஊர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். மழை விட்டதும் நானும் அண்ணியும் கீழே இறங்குகிறோம். கேட்க வேண்டிய கப்பல் அதிகாரிகளின் வாசலில் நின்று, அந்த வின்ச்சை மாற்றும்வரை திரும்பத் திரும்பச் சொல்வோம். துரத்தினால் மறுநாளும் போவோம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்று இனி ஒருவரும் சொல்ல முடியாதபடி செய்கிறேன். இது உன்மேல் ஆணை.

உன் மகளுக்கு அத்தை,
உனக்கு என்றும் தங்கச்சி,
செல்வி
திருப்புலி நாடு, கொல்லிமலை