இடுப்பில் குழந்தை, பலகையில் பின்னம்

என்னங்க,

இங்கே டவர் இல்லை; ஆலங்காயம் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளி திறந்தாயிற்று என்றுதான் பெயர். ஊரே சாமை விதைக்க மலைக்கொல்லைக் காட்டுக்குப் போய்விட்டதால், என் ஏழாம் வகுப்புப் பெண்கள் இடுப்பில் தம்பி தங்கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னம் நடத்த வாயைத் திறந்தால் ஒரு குழந்தை அழுகிறது. இன்னொன்று சாக்பீஸைத் தின்கிறது.

எரிச்சலில் ஜெயசுதா என்ற பெண்ணிடம் கத்திவிட்டேன். "கொழந்தைய வூட்ல விட்டுட்டு வரக்கூடாதா?"

அவள் பயப்படாமல் கேட்டாள். "வூட்ல யாரும் இல்ல டீச்சர். நீங்க உங்க பாப்பாவ யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரியாக எழுதியிருந்த கணக்கை அழித்துவிட்டுத் தப்பாக எழுதினேன்.

இன்று நம் பெண்ணுக்கும் ஆறாம் வகுப்பு முதல் நாள். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டது யார்?

மலையிலிருந்து,
உங்கள் மனைவி