பதினான்காவது மனு

கள்ளக்குறிச்சி
22.8.1989

அன்புள்ள வீரமணிக்கு,

இன்று பதினொன்றரை மணிக்கு பெஞ்சு கிளார்க் தெய்வசிகாமணி சொன்ன செய்தி இது. நகலையும் வாங்கிப் படித்து உறுதி செய்துகொண்டேன். இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் வழக்குகளைத் திரும்பப் பெற அரசு வழக்கறிஞராக நான் கொடுத்த பதினான்கு மனுக்களில் பதின்மூன்றை மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டார். பதினான்காவதைத் திருப்பிவிட்டார். அது உன் கட்சிக்காரன் கொளஞ்சியப்பனுடையது.

காரணம் ஒரே வரி. "சம்பவத்தில் எவருக்கும் காயம் இல்லை" என்று மனு சொல்கிறது. நேற்று கோர்ட்டில் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, சாட்சி சம்மனோடு வெள்ளிமலையிலிருந்து வந்திருந்த செல்லியம்மாள் எழுந்து நின்றாள். 87 செப்டம்பரில் கச்சிராயபாளையம் சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரம் அவள் கைமேல்தான் விழுந்திருக்கிறது.

"இன்னா சாமி, எனக்கு ஒண்ணும் ஆவலன்னு எழுதிக்கிறீங்களாமே? அப்ப இந்தக் கைய யாரு ஒடச்சது, காத்தா?"

கோணலாகக் கூடிய வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "மனுவைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து போட்டீர்களா?" என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் மனுவைப் பிரித்து அந்த வரியைப் படித்தேன்.

கால் எப்படி இருக்கிறது? மெஹ்ராஜ் ஆட்டுக்கால் சூப்பு அனுப்பியிருக்கிறாள். கண்டக்டர் ராசுவிடம் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்துவிடு. போன வாளியே இன்னும் வரவில்லை என்று இங்கே தினமும் பேச்சு.

உன்,
ரவூப்

*

சங்கராபுரம்
24.8.1989

அன்புள்ள ரவூபு,

இரண்டு வாளியும் ராசுவிடம் கொடுத்தாயிற்று. கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கப்போய் வண்டியோடு வாய்க்காலில் விழுந்தவனுக்கு உன் வீட்டுச் சூப்பைத் தவிர வேறு ஆறுதல் இல்லை. மாவுக்கட்டைப் பிரிக்க அடுத்த மாதம் 11ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நடமாட்டம் கட்டிலுக்கும் கொல்லைக்கும் மட்டும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். கொளஞ்சியப்பன் நேற்று மூங்கில்துறைப்பட்டிலிருந்து வந்தான். காவலர் தேர்வில் ஓட்டம், எழுத்து, உயரம் எல்லாம் தேறிவிட்டான். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான இருபது சதவீதத்தில் இடம். நன்னடத்தை விசாரணைக்குச் செப்டம்பர் 12 கடைசி நாள். அன்றைக்கு அவன்மேல் வழக்கு இருந்தால் அந்த இடம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

"ரோட்ட மறிச்சி வாங்கின இருவதுல எனக்கு ஒரு எடம் வந்துக்கிது சார். மறிச்சேன்னு சொல்லியே அத்தப் புடுங்கிக்குவாங்களா?" என்று கேட்டான். இசைவாணி காபி கொடுத்தாள். ஆறவிட்டுக் குடிக்காமலே போய்விட்டான்.

மனுவை மறுபடி கொடு. காயம் என்பதற்குப் பதில் 'சிராய்ப்பு' என்று போடு. பதினான்கு மனுவையும் தனித்தனியாகத் தட்ட உன் டைப்பிஸ்ட் மறுத்தபோது, ஸ்டென்சில் வெட்டி, குற்ற எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு, சைக்ளோஸ்டைல் போட்டு அனுப்பியது நான். அதற்காகவாவது செய்.

உன்,
வீரமணி

*

கள்ளக்குறிச்சி
28.8.1989

வீரமணி,

ஆஸ்பத்திரிக் காயப் பதிவேட்டை இன்று நேரில் பார்த்தேன். 17.9.87, காலை 10.40. செல்லியம்மாள், வயது 38. வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. அதைச் சிராய்ப்பு என்று எழுத முடியாது.

அடுத்த கட்டத்தில், 'கொண்டுவந்தவர்' என்ற இடத்தில்: கொளஞ்சியப்பன், மூங்கில்துறைப்பட்டு.

மரம் விழுந்ததும் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இவன் அவளைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, கேட்டவுடன் பெயரும் ஊரும் சொல்லியிருக்கிறான். போலீசுக்குக் கிடைத்த ஒரே பெயர் அது. குற்றப்பத்திரிகையில் இவன் ஒருவன், பிறகு 'மற்றும் பலர்'.

ஒன்று கேட்கிறேன். அந்த ஸ்டென்சிலை வெட்டும்போதே, மறியலில் அவள் கை உடைந்தது உனக்குத் தெரியுமா?

ரவூப்

*

சங்கராபுரம்
30.8.1989

அன்புள்ள ரவூபு,

தெரியும். சைக்கிளில் கொண்டுபோனதையும் முதல் நாளே சொன்னான். "மறிச்சேன் சார், வெட்டல. அந்தம்மா கத்துச்சி, தூக்கினு போனேன்" என்றான்.

மறியல் வழக்குகளைத் திரும்பப் பெறச் சொன்ன அரசாணையின் இரண்டாவது பத்தியைப் பார். ஆட்கள் காயம்பட்ட வழக்குகளுக்கு அது பொருந்தாது. காயம் என்று எழுதினால் இவன் வழக்கு பட்டியலிலேயே வராது. பதின்மூன்று மனுவுக்கு நடுவே அந்த வரி கண்ணில் படாது என்று நினைத்தேன். நீ படிக்கமாட்டாய் என்றும் நினைத்தேன். ஒரே சீனியரிடம் எட்டு வருஷம் உட்கார்ந்தவர்கள் நாம். நான் நீட்டிய காகிதத்தை நீ எப்போது படித்திருக்கிறாய்?

தப்புதான். ஆனால் அதைத் திருத்தப்போய் அவன் வேலையைக் கெடுத்துவிடாதே. மனு யார் எழுதியது என்பதும் வெளியே வரவேண்டாம். பார் கவுன்சில் வரை போகும்.

உன்,
வீரமணி

*

கள்ளக்குறிச்சி
6.9.1989

வீரமணிக்கு,

நேற்று புது மனு கொடுத்தேன். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. நானே தட்டினேன், பிழைகள் இருக்கும்.

செல்லியம்மாளுக்கு எலும்பு முறிந்தது என்று முதல் பத்தியிலேயே இருக்கிறது. இந்த வழக்கு அரசாணைக்குள் வராது என்பதும் இருக்கிறது. ஆனால் வழக்கைத் திரும்பப் பெறச் சட்டம் அதிகாரம் கொடுத்திருப்பது அரசு வழக்கறிஞருக்கு. அவர் யோசித்துச் செய்ய வேண்டும், கோர்ட்டு சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் யோசித்தேன். மரத்தை வெட்டியது இவன் என்பதற்குச் சாட்சி இல்லை. காயம்பட்டவளைத் தூக்கி வந்ததற்குச் சாட்சி இருக்கிறது. அதனால் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன்.

முந்தைய மனுவை எதிர்த்தரப்பு வக்கீல் தயாரித்ததையும், நான் படிக்காமல் கையெழுத்திட்டதையும் எழுதிவிட்டேன். இரண்டு பெயரும் இருக்கிறது. என்னிடம் விளக்கம் கேட்பார்கள். இதுவரை கேட்கவில்லை.

செல்லியம்மாளைக் கூண்டில் ஏற்றி, ஆட்சேபம் உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"தூக்கினு வந்தவன் மேல கேசு, வெட்னவன் வூட்ல குந்திக்கினுகிறான். இவன வுட்டுடுங்க சாமி. ஆனா என் கை ஒடஞ்சத எழுதிக்கினீங்களா?"

"எழுதியிருக்கிறது" என்றார்.

"படிச்சிக் காட்டுங்க."

படித்துக் காட்டினார்கள். கேட்டுவிட்டு இறங்கி, மலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். கொளஞ்சியப்பன் வாசலில் நின்றிருந்தான். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வருவதாகச் சொன்னான்.

இந்த வாரமும் சூப்பு வருகிறது. அது மெஹ்ராஜ் அனுப்புவது. கட்டுப் பிரித்த பிறகு கோர்ட்டுக்கு வந்தால், என் அறைக்கு வரவேண்டாம். பேச வேண்டியதைக் கோர்ட்டிலேயே பேசிக்கொள்வோம். இனி உன் காகிதம் ஒவ்வொன்றையும் படிப்பேன்.

உத்தரவு 11ஆம் தேதி திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பதினொன்றரைக்கு மேல் வரும் என்கிறார் தெய்வசிகாமணி. கொளஞ்சியப்பனின் நன்னடத்தை விசாரணைக்குக் கடைசி நாள் மறுநாள்.

ரவூப்