சமையலறை வாசல் ஆணி

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் தீர்த்தகிரியின் மகன் பெங்களூரை விட்டுக் குடும்பத்தோடு அரூருக்கே வருகிறானாம். நியாயம்தான், அவர்கள் வீடு. மார்கழியில் குடி போக வேண்டாம் என்று தை பிறக்கக் காத்திருக்கிறோம். அதற்குள் செய்ய வேண்டியவை:

1. பரண். இறக்கி, பிரித்து, வேண்டாததைப் போகிக்கு ஒதுக்குவது.
2. குளியலறை. போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை.
3. சுவர்கள். ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, அழுக்கைக் கழுவுவது.
4. நிர்மலாவை எதிர்பார்க்கக் கூடாது. அவளுக்கு வீட்டின் மேல் இருந்த அக்கறை போய்விட்டது.
5. தீர்த்தகிரி பார்க்க வரும்போது எதிர்த்துப் பேசக் கூடாது.

ஐந்தாவது தேவையே இல்லை. நான் யாரை எப்போது எதிர்த்துப் பேசினேன்?

ஜனவரி 6, திங்கள்

நான்காவது கொஞ்சம் கடுமையோ? அவள் படித்தால் வருத்தப்படுவாள். ஆனால் அவள் இப்போது எதையும் படிப்பதில்லை, செய்தித்தாளைக்கூட.

ஆதாரம் இல்லாமல் நான் எழுதவில்லை. தீபாவளிக்குப் பிறகு வாசலில் கோலம் கோணலானது. பிறகு நின்றே போய்விட்டது. கழுவிய தட்டில் சோப்பு இருக்கிறது. பெருக்கிய மூலையில் தூசி இருக்கிறது. சோற்றில் கல். எல்லாவற்றையும்விட, படுக்கையறையிலிருந்து சமையலறை வரை நடைச் சுவரில் நீளமாக ஓர் அழுக்குக் கோடு. சுவரில் கை தேய்த்துக்கொண்டே நடக்கிறாள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவியவள் இவள்.

அவளிடம் இதை எப்படிச் சொல்வது?

ஜனவரி 8, புதன்

குளியலறை. ஆசிட் ஊற்றித் தேய்த்தேன். இருமல். குழாய் மட்டும் கொஞ்சம் வெளுத்தது. வெளியிலிருந்து நிர்மலா: "போதுமுங்க! அப்புறம் கறையோட தரையும் போயிரும். தீர்த்தகிரி உங்களத்தான் புடிச்சுக் கேப்பாரு."

சிரித்தாள். அக்கறை இல்லாதவள் இப்படிச் சிரிப்பாளா? தெரியவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

தீர்த்தகிரி வந்தார். செருப்போடு எல்லா அறையும் நடந்து பார்த்தார்.

"சாருங்க, வூடு குடுத்தப்ப எப்படி இருந்துதோ அப்படியே வேணும். எம்மருமவ ஒரு ஆணி ஓட்டையப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. இதென்ன, செவுத்துல ரயில் தண்டவாளமாட்டம் கோடு?"

"கழுவிடறேங்க" என்றேன். மழைக்கு ஒழுகும் மூலையைச் சரி செய்யச் சொல்லிப் பல வருடமாயிற்று என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

நிர்மலா உள்ளேயிருந்து வரவே இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

சேலம் ரோட்டுப் பக்கம் சசிகலா அம்மாவின் மாடி வீட்டைத்தான் எங்களுக்குப் பேசி வைத்திருக்கிறேன். காற்று நன்றாக வரும், புது வீடு. இன்று நிர்மலாவைக் கூட்டிப் போனேன். முதல் படியில் கால் வைத்தாள், நின்றாள், திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள்: "எனக்கு அந்த வூடு வேண்டாமுங்க."

"ஏன், முட்டி வலியா?"

"வேண்டாம்னா வேண்டாம். நீங்க அங்க இருங்க. நான் ஓசூருக்கு மலரு வூட்டுக்குப் போயிடறேன்."

மகள் வீட்டுக்கு. நான் இல்லாமல். இத்தனை வருடத்தில் இப்படி அவள் சொன்னதே இல்லை. என்ன செய்தேன் நான்? என்மேல்தான் வெறுப்போ? மாடி வேண்டாமா, நான் வேண்டாமா?

ஜனவரி 13, போகி

பரண் சாமான்களைத் தெருவில் எரித்தேன். அவள் வெளியே வரவில்லை.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் முடிந்தது. பொங்கல் பொங்கியபோதும் அவள் ஓசூர்ப் பேச்சை எடுத்தாள். மலர்விழி போனில், "அம்மா வரட்டும்பா, ஆனா நீ தனியா எப்படி?" என்றாள்.

கைக்கு வேலை வேண்டுமென்று சுவர்களை எடுத்துக்கொண்டேன். எல்லா ஆணியையும் பிடுங்கினேன். காலண்டர் ஆணி, சமையலறை வாசலில் பை மாட்டும் ஆணி, குளியலறைக்குத் திரும்பும் இடத்தில் எதற்கென்றே தெரியாத ஆணி. பட்டி வைத்துத் தேய்த்து, வெள்ளை அடித்தேன். அழுக்குக் கோடும் போய்விட்டது. நடை பளிச்சென்று இருக்கிறது. தீர்த்தகிரிக்குத் திருப்தியாக இருக்கும்.

ஜனவரி 17, வெள்ளி

எழுத வேண்டும். எழுதினால்தான் எனக்குப் புரியும்.

காலையில் நிர்மலா பால் பையை வாங்கிக்கொண்டு நடையில் வந்தாள். சமையலறை வாசலில் மாட்டப் போனாள். மாட்ட ஆணி இல்லை. பை விழுந்து பால் நடை முழுக்க ஓடியது. அவள் பாலைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சுவரில் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... இங்க இருந்த ஆணி எங்கங்க?"

"பிடுங்கிட்டேன்."

"எல்லாமா?"

பாலிலேயே கால் வைத்துத் திரும்பினாள். குளியலறைக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் பீரோ முனையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். நல்ல வெளிச்சம். ஜன்னல் திறந்திருந்தது.

அவள் கை சுவரில் இருந்த உயரம், நான் அழித்த கோட்டின் உயரம்.

நெற்றியில் ஈரத்துணி வைத்தேன்.

"எத்தன நாளா நிர்மலா?"

"வலது கண்ணு ஆடியிலயே போச்சு. இடது கண்ணுல பொக மாதிரி தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பயந்துக்குவீங்க. ஒன்னு ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதிக்கிட்டு ராவெல்லாம் உக்காந்திருப்பீங்க. நீங்களும் பயந்துட்டா நான் யாரப் புடிச்சுக்கறது?"

துணியை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு சொன்னாள். "இந்த வூட்ட எனக்குத் தெரியும். ஆணியத் தொட்டுத் தொட்டே நடந்துக்குவேன். பேத்தி பொறந்தப்ப இருந்ததுல மலரு வூடும் தெரியும். அந்த மாடி எனக்குத் தெரியாதுங்க. படியில உருண்டா உங்களால தூக்க முடியுமா?"

மாடி வேண்டாமா, நான் வேண்டாமா என்று எழுதியிருந்தேனே. கடவுளே.

மதியம் பட்டி காய்ந்த ஓட்டைகளிலேயே ஆணிகளைத் திரும்ப அடித்தேன்.

ஜனவரி 20, திங்கள்

தருமபுரியில் கண் மருத்துவர். சர்க்கரை. வலது கண்ணில் இனி செய்வதற்கில்லை. இடது கண்ணில் புரையும் இருக்கிறது. சர்க்கரை இறங்கியபின் அறுவை சிகிச்சை. எவ்வளவு பார்வை திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். திரும்பும்போது பேருந்தில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

ஜனவரி 22, புதன்

தீர்த்தகிரி வந்தார். "என்ன சாரு, அடைச்ச ஓட்டையிலயே மறுபடி ஆணியா? வெளயாடறீங்களா?"

"முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்கும்ங்க. போறப்ப பிடுங்கி அடைச்சுத் தர்றேன். அதுக்கு முன்னாடி முடியாது."

"முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

அவர் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். சொல்லிவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

சசிகலா அம்மா வீட்டு கேட் வரை போய்த் திரும்பினேன். டீ குடித்துவிட்டு மறுபடி போனேன்.

மாடி வேண்டாம், கீழே இடம் இருந்தால் கொடுங்கள் என்றேன். "கீழ பின்னால ஒரு ரூமும் சமையக்கட்டும்தாங்க இருக்குது. மஞ்ச மூட்ட போட்டிருக்கேன். சாருக்குப் பத்துமா?"

பத்தும் என்றேன். ஆணி அடிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"ஆணியா? புது வூடுங்க! செவுத்துல கை வைக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொன்னனே."

"என் மனைவிக்குக் கண் தெரியாதுங்க."

மலர்விழியைத் தவிர வேறு யாரிடமும் இதுவரை சொல்லாதது. அந்த அம்மா கேட்டை அகலத் திறந்துவிட்டார். பிறகு, "சுத்தி வேண்டாமுங்க, செவுரு பொரிஞ்சிரும். எங்கூட்டுக்காரரு கிட்ட ட்ரில்லு இருக்குது, போட்டுத் தரச் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து நிர்மலாவிடம் சொன்னேன். "நீங்களா கேட்டீங்க?" என்றாள். பிறகு மலர்விழிக்குப் போன் போட்டு, "நான் அங்க வரல கண்ணு" என்றாள்.

ஜனவரி 31, வெள்ளி

பால் காய்ச்சியாயிற்று. அறையில் இன்னும் மஞ்சள் வாசம்.

பழைய வீட்டில் ஆணிகளைப் பிடுங்கி அடைக்கும் முன் அவற்றின் இடத்தையெல்லாம் டேப் வைத்து அளந்து படம் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். நிர்மலாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"அந்த வூட்டு அளவு இந்த வூட்டுக்கு ஒத்துவருமாங்க? நான் நடக்கறேன், நீங்க பின்னால வாங்க."

அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். தடுமாறிய இடத்தில் நின்றாள். அவள் விரல் நின்ற இடத்தில் நான் பென்சிலால் புள்ளி வைத்தேன். சசிகலா அம்மாவின் கணவர் ஓட்டை போட்டார். கடைசி ஆணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுதான் சமையக்கட்டு" என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

புது அறையின் சுவரில் அவள் கையின் தடம் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. கோலமும் இன்று போட்டாள். கோணல்தான். புள்ளிகளை நான் வைத்துக் கொடுத்தேன். கோணலில் பாதி என்னால்தான்.

புள்ளியியல் துறையில் இருந்த காலமெல்லாம் கீழே வேலை செய்தவர்களுக்கு ஒன்றைத்தான் சொன்னேன். வயலில் இறங்காமல் விளைச்சல் எழுதாதே. மரவள்ளிக் காட்டிலும் மஞ்சள் காட்டிலும் நானே இறங்கி நின்று எழுதினேன்.

ஜனவரி ஐந்தாம் தேதிப் பட்டியலில் நான்காவது, நிர்மலாவின் அக்கறை பற்றியது, தவறு. இறங்கிப் பார்க்காமல் எழுதியது.