பின் சக்கரத்துக்கு மேல கட்டைவிரல் அளவு

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அதே மாதிரி நல்லா இருக்கணும்னு மனசுல வேண்டிக்கிட்டுதான் பேனாவை எடுத்தேன். என் முட்டிவலி தேவலை. உங்கண்ணன் மகளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு, பேசினா காத்துதான் வருது. போன்ல சொல்லாம இது என்ன புதுசா கடுதாசின்னு யோசிப்ப. போன் அடிச்சா உங்கப்பா பக்கத்துல வந்து காதை வச்சுக்கிறார், நான் நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள பிடுங்கிக்கிறார். இப்போ முடி வெட்டிக்கப் போயிருக்கார், வர ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குள்ள எழுதி முடிச்சாகணும். உன் கார் பத்திரமா கப்பல் ஏறிடுச்சுன்னு மட்டும் உன்கிட்ட சொல்லிட்டு அவர் பேச்சை மாத்திட்டார் இல்லையா, அதுல சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. கப்பல் வந்து சேர அஞ்சு வாரம் ஆகுமாம். காரை நீ பாக்குறதுக்கு முன்னாடி இந்தக் கடுதாசியைப் பாத்துடணும்.

அங்கேயே வீடு வாங்கிட்டோம், காரையும் அனுப்பி வைங்கன்னு நீ சொன்ன அன்னிக்கு எப்படி எப்படி அனுப்பணும்னு நீ சொல்லச் சொல்ல உங்கப்பா ஒரு காகிதத்துல எழுதிக்கிட்டார். நீ அந்தப் பழைய காரை உன் கையாலயே பிரிச்சு, சேர்த்து, பெயின்ட் அடிச்ச மூணு வருஷமும் அதை டப்பா டப்பான்னு கேலி பண்ணின மனுஷன், மறுநாள் காலையில நான் எழுந்து பாத்தா ஷெட்டுல குந்திக்கிட்டு சோப்புத் தண்ணியில அதைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கார். அந்தக் காகிதத்தை ஷெட்டுக் கதவுல ஒட்டி வச்சு, ஒவ்வொண்ணா முடிச்சு டிக் போட்டார். மெழுகு ரெண்டு தடவை. முன்பக்கம் முழுக்க, கல்லு பட்டா பெயின்ட் போகாம இருக்க அந்தக் கண்ணாடி மாதிரி பிலிம், அதை நானும் சேர்ந்துதான் ஒட்டினேன், தண்ணி தெளிச்சு தெளிச்சு அவர் தேய்ப்பார், தங்கின கொப்புளத்தை நான் ஊசியால குத்தி விடுவேன், பாதி நாள் போச்சு. டிரெய்லரை இழுக்க வாங்கிட்டு வந்த சித்தப்பாவோட ஜீப்பு பின்னாடி, கல்லு எகிறி கார்மேல விழாம, அகலமா ரப்பர் தட்டி தொங்க விட்டார். காரை டிரெய்லர்ல ஏத்தி, சக்கரத்தை மட்டும் பட்டை போட்டு இறுக்கினார், பாடி மேல ஒரு கயிறு படல. கடைசியில நீ ரெண்டு கோடு போட்டு எழுதச் சொன்னது, திறந்த டிரெய்லர்ல காருக்கு உறை போடவே கூடாதுன்னு. அதுக்கும் டிக் போட்டுட்டார். இப்போ நான் சொல்றதைத் திட்டாம படி. அவருக்குத் தெரியாம நான் ஒரு உறை தச்சு வச்சிருந்தேன். உள்பக்கம் மெத்துனு பிளானல் துணி, அடியில சுத்திலும் எலாஸ்டிக். முப்பது வருஷம் தையல் மிஷின்ல உக்காந்தவளுக்கு, அந்த வழவழன்னு இருக்கிறதை வெயில்லயும் காத்துலயும் அம்மணமா அனுப்ப மனசு வரலடி. பையில துணியோட துணியா மடிச்சு எடுத்து வச்சுட்டேன்.

தொள்ளாயிரம் கிலோமீட்டர், மூணு நாள் பகல்ல மட்டும் ஓட்டினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டின கை, அம்பதைத் தாண்டல. முன்னால ஜல்லி லாரி வந்தா போதும், ஓரம் கட்டி இருபது நிமிஷம் நின்னுடுவார். நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி பட்டையைத் தட்டிப் பாப்பார். முதல் நாள் ஒரு குறையும் இல்ல. ரெண்டாம் நாள் மத்தியானம் ரோடு போடுற இடம் வந்துச்சு, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் புழுதி, மாவு மில்லுக்குள்ள போன மாதிரி. கார் பச்சையா பழுப்பான்னே தெரியல. உங்கப்பா முகம் சுண்டிப்போச்சு. அப்போதான் நான் பையைத் திறந்தேன். உறையைப் பாத்ததும் அவர் முதல்ல வேண்டாம், பொண்ணு கூடாதுன்னு சொல்லியிருக்கான்னார். நான்தான், அளவெடுத்துத் தச்சது, சட்டை மாதிரி பிடிச்சு நிக்கும், ஆடவே ஆடாதுன்னு அடிச்சுச் சொன்னேன். ஈரத்துணியால தொடைச்சுட்டு ரெண்டு பேருமா போட்டோம். மேல குறுக்கே ஒரு கயிறும் கட்டினார். தொடைச்ச லட்சணம் அவ்வளவுதான், சந்து பொந்துல புழுதி இருக்கத்தானே செய்யும், அது அப்போ உறைக்கல.

எம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடையில நிறுத்தினோம். நான் கை கழுவப் போயிட்டேன். திரும்பி வந்தா உறை கழட்டி, சுருட்டி, சீட்டுக்கு அடியில போயாச்சு, அவர் டிரெய்லர் விளிம்புல உக்காந்திருக்கார். என்னங்கன்னு கேட்டேன். கையைக் காட்டினார். இடது பக்கம் பின் சக்கரத்துக்கு மேல, என் உள்ளங்கை அகலத்துக்கு மங்கிப்போயிருந்துச்சு, விளிம்புல கட்டைவிரல் அளவுக்குப் பச்சையே போயி அடியில இருந்த சாம்பல் கலர் தெரிஞ்சுது. காத்துல ஒரு மூலை மட்டும் படபடன்னு அடிச்சு, உள்ள இருந்த மண்ணை வச்சே தேய்ச்சிருக்கு. நான்தான் கயிறைச் சரியா கட்டல, லூசா விட்டுட்டேன், என் தப்புன்னார். அவர் முடிச்சு போட்டு லூசானதா நான் பாத்ததே இல்ல, இருந்தாலும் அந்த நேரத்துல நானும் நம்பிட்டேன். நம்பினது மட்டும் இல்ல, நாலு வார்த்தை சுருக்குனு கேட்டும் வச்சேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு கேட்டுக்கிட்டார்.

பக்கத்து ஊர்ல ஒரு பெயின்டர் கிடைச்சார். முதல்ல விரலைத் தண்ணியில நனைச்சு அந்த மங்கின இடத்துல தடவினார், ஈரத்துல கீறல் மறைஞ்சுது. பயப்படாதீங்க, மேல் பூச்சுதான் கீறியிருக்குன்னு சொல்லி, பாலிஷ் வச்சு அரை மணி நேரம் தேய்ச்சார், முக்காவாசி காணாமப் போச்சு. விளிம்புல இருக்கிற இடத்துக்கு, இதே பச்சையைக் கலந்து வச்சுடறேன்னார். உங்கப்பா அவர் கையைப் பிடிச்சுத் தடுத்துட்டார். அது எம்பொண்ணு பதினோரு தடவை கலந்து கலந்து எடுத்த கலர், அதுமேல வேற கை ஒட்டுப் போட வேண்டாம்னார். துருப்பிடிக்காம இருக்க வெறும் வார்னிஷ் மட்டும் வச்சுக் குடுத்தார் அந்தப் பெயின்டர். காசு வாங்க மாட்டேன்னுட்டார், அவருக்கும் பொண்ணு இருக்காம்.

மூணாம் நாள் ரோடு பட்டு மாதிரி இருந்துச்சு, முன்னால ஒரு லாரி இல்ல. அப்பவும் நாப்பத்தஞ்சுலயே போறார். பின்னாடி வர்றவன்லாம் ஹாரன் அடிச்சுட்டுப் போறான். என்னங்க, கல்லும் இல்ல மண்ணும் இல்ல, கொஞ்சம் மிதிக்கக் கூடாதான்னு கேட்டேன். பக்கக் கண்ணாடியில பின்னாடி வர்ற காரை ஒரு தடவை பாத்தார். அப்புறம் ரோட்டைப் பாத்துக்கிட்டே, இதுவும் போயிட்டா வீட்டுல அவளோடதுன்னு வேற என்ன இருக்குன்னார். அதுக்கு மேல அவர் இஷ்டத்துக்கு ஓட்டட்டும்னு விட்டுட்டேன்.

துறைமுகத்துல ஒரு ஆபீசர், உங்கண்ணன் வயசு இருக்கும், எங்கெங்க அடி பட்டிருக்குன்னு குறிக்கிற பாரத்தை வச்சுக்கிட்டு காரைச் சுத்திச் சுத்திப் பாத்து எழுதினார். முன்பக்கம் பிலிம்ல எட்டு இடத்துல கல்லு பட்ட தடம், அடியில பெயின்டுல ஒரு புள்ளி இல்ல. ரொம்ப அக்கறையா கொண்டுவந்திருக்கீங்கன்னார். பின்பக்கத்தை அவர் சரியா கவனிக்கல, தாண்டிப் போயிட்டார். உங்கப்பா தானா கூப்பிட்டு, சார் இங்க பாருங்க, இதை எழுதாம விட்டுட்டீங்கன்னு காட்டினார். எப்படி ஆச்சு, காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, என்ன எழுதட்டும்னு அவர் கேட்டார். அப்பான்னு எழுதுங்கன்னார் உங்கப்பா. ஆபீசர் முதல்ல சிரிச்சார், அப்புறம் இவர் முகத்தைப் பாத்துட்டு அப்படியே எழுதிட்டார். அந்தப் பாரத்தோட நகலை இதோட வச்சிருக்கேன், கடைசி வரியைப் பாரு.

அன்னிக்கு சாயங்காலம் லாட்ஜுல அவர் குளிக்கப் போனப்போ, அந்த உறையை எடுத்து நல்லா மடிப்போம்னு உதறினேன். இடது பக்கம் பின் மூலையில ஒரு முழத்துக்குத் தையல் பிரிஞ்சிருக்கு. எலாஸ்டிக் வச்சு நான் அடிச்ச தையல், பழைய நூலுன்னு தெரிஞ்சும் அந்த இடத்துல மட்டும் ஒத்தையா ஓட்டினது. தொங்கின நூலையெல்லாம் யாரோ கத்தியால ஒட்ட வெட்டி, கிழிசலை உள்ளே மடிச்சு, ரெண்டு ஊக்கு போட்டு மறைச்சிருக்காங்க. யாரோ என்ன யாரோ. கயிறுல ஒரு கோளாறும் இல்லடி, என் தையல்தான் விட்டுச்சு. டீக்கடையிலயே அவருக்குத் தெரியும், அங்க நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் தலையைக் குனிஞ்சிருக்கார். நான் பாத்ததை அவர்கிட்ட சொல்லல. மறுநாள் காலையில அவருக்குப் பிடிச்ச சட்டைக்குப் பட்டன் தச்சுக் குடுத்தேன், இந்த தடவை நூலை நாலா மடிச்சு. அவருக்கு ஒண்ணும் புரியல, எதுக்கு இவ்வளவு பலமான்னு கேட்டார்.

நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. அந்த இடத்தைப் பத்தி அவர்கிட்ட கேளு, அவர் கயிறுன்னு சொல்லுவார், சரிப்பான்னு கேட்டுக்கோ. பிலிமை உரிக்கும்போது அவசரப்படாத, இளம் வெயில்ல வச்சு, சாய்ச்சுப் பிடிச்சு மெதுவா உரி. குளிர்ல வெறும் கால்ல ஷெட்டுக்குப் போகாத. பச்சையைக் கலந்து அந்த இடத்துல நீயே வை, எத்தனை தடவை கலந்தன்னு எண்ணி எழுது, உங்கப்பா காத்துக்கிட்டு இருப்பார். நீயும் மாப்பிள்ளையும் குறை ஒண்ணும் இல்லாம, நீண்ட ஆயுசோட, ஓட்டுற வண்டியில ஒருத்தர் தூங்கினா ஒருத்தர் முழிச்சுக்கிட்டு, சந்தோஷமா இருக்கணும். கேட் சத்தம் கேக்குது, வந்துட்டார், முடிக்கிறேன். அந்தப் பாரத்துல காரணம் எழுத ஒருத்தருக்குத்தான் இடம் இருந்துச்சு, மிச்சத்தை இங்க எழுதியாச்சு.

உன் மேல உசுரா இருக்கிற,
அம்மா