பின்பக்க இடது டயர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருக்கும் நண்பருக்கும்கூட. படித்ததும் கிழித்துவிடு. நான் உனக்கு எழுதுவது தெரிந்தால் அப்பா என்ன செய்வாரோ. வீட்டுப் போன் எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டு, மேசை விளக்கைத் துண்டால் மூடி எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கேலி செய்யாதே.

அம்மா இப்போது எழுந்து உட்காருகிறாள். முதுகு ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது. ஆனால் தும்மினால்கூட உயிர் போகிறது என்கிறாள். உன் கட்டிலில் இப்போது துவைத்த துணிதான் மூட்டையாகக் கிடக்கிறது.

விஷயம் கார்தான். எதற்காக அப்பா உன்மேல் கை ஓங்கினாரோ, எதற்காக நீ வீட்டை விட்டுப் போனாயோ, அதே விஷயம். "காத்து கம்மியா இருந்தாதான் மெத்தை மாதிரி போகும். உங்கம்மா வலி உங்களுக்கு எங்க தெரியுது?" என்று இன்னும் அதையேதான் சொல்கிறார். அம்மாவை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு டயரின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, ஆணியால் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிடுகிறார். அந்த உஸ் சத்தம் அடங்கும்வரை நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

உன் காற்று மீட்டர் என் ஜியோமெட்ரி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. டயர் சூடேறுவதற்குள், காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும் என்பாயே, அப்படியே அளந்தேன். டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் காற்றழுத்தம் முப்பத்து மூன்று என்று போட்டிருக்கிறது. நம் டயர்களில் இருபத்திரண்டு! பக்கத்து கிளினிக்குக்குப் போய் வந்ததற்கே பின்பக்க இடது டயரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அதன் பக்கவாட்டில் நகம் நுழைகிற மாதிரி ஒரு வெடிப்பும் இருக்கிறது. அதற்கு நேர் மேலேதான் பின் சீட்டில் அம்மா தலை வைத்துப் படுப்பாள்.

வரும் வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நெடுஞ்சாலையில், உச்சி வெயிலில், லாரிகளுக்கு நடுவில் நான்கு மணி நேரம். டயர் வெடிப்பதுபோல் கனவு கண்டு அலறி எழுந்துவிடுகிறேன். காரணம் கேட்டால் பரீட்சை பயம் என்கிறேன்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. "அப்பா, காத்து ரொம்பக் கம்மியா இருக்குப்பா" என்றேன். "ஒரு காத்து இன்ஜினியர் கெளம்பிப் போயாச்சு, இப்ப அடுத்த இன்ஜினியரா?" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார். அம்மா கூரையைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "உங்கண்ணன் ஓட்டினா குலுங்கும்டி. ஆனா நான் தூங்கிருவேன்" என்றாள்.

இன்று சாயங்காலம் அப்பா மருந்து வாங்க நடந்து போனதும் கால் பம்பை எடுத்தேன். மூன்று டயர்களுக்கு முப்பத்து மூன்று வரை அடித்துவிட்டேன். தொடை இன்னும் வலிக்கிறது. பின்பக்க இடது டயரின் வால்வு மூடியைக் கழற்றியதும் கேட் திறக்கும் சத்தம். மூடியைத் தரையிலேயே விட்டுவிட்டு, பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

இப்போது மூன்று டயர்களில் ஓர் அளவு, அந்த ஒன்றில் மட்டும் வேறு. அப்படி இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பாயே. காப்பாற்றப் போய் நானே கெடுத்துவிட்டேனா? ராத்திரி சாப்பாடு ஆனதும் அப்பா டார்ச்சோடு காரைச் சுற்றி வந்தார். அந்த டயரின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து அந்த மூடியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அத்தை சொன்னால் அப்பா கேட்பார். அத்தைக்கு ஒரு போன் செய் அண்ணா. இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குள் நீயே வந்துவிடேன். அப்பா கத்தினால் கத்தட்டும். உன் கார் சாவி ஆணியில் அப்படியேதான் தொங்குகிறது, யாரும் எடுக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும்

கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாதான். கத்தவில்லை. "தூங்கிட்டியாம்மா? அண்ணனோட காத்து மீட்டர் உங்கிட்டயா இருக்கு?" என்று மெதுவாகக் கேட்கிறார். அளப்பதற்கா, பிடுங்கிக்கொள்ளவா, தெரியவில்லை. அண்ணா, நான் இப்போது